கறிக்கடையை வரைய உட்கார்ந்தால் சிவப்பைக் கடைசியில் எடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டின் கறிக்கடைகளை ஆயில் பெயின்டில் வரைய உட்காருகிறவர்கள் முதலில் பிதுக்குவது காட்மியம் சிவப்பு. படம் அங்கேயே கெட்டுவிடும். வெட்டிய மாத்திரத்தில் கறியின் உள்முகம் ஊதா ஓடிய கருஞ்சிவப்பு. காற்றுப் பட்டு அரைமணிக்குள் பளிச்சென்று சிவக்கும். கிடக்கக் கிடக்கப் பழுப்பேறும். ஆக ஒரே தொடையில் மூன்று நிறம்.

ஜவ்வுக்கு வெள்ளையில் துளி கறுப்பு போதும். சிவப்புக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் தானாகவே நீலமாகத் தெரியும். ஆட்டுக் கொழுப்புக்கு வெள்ளையோடு கொஞ்சம் ஓக்கர், அதாவது மண்மஞ்சள். புல் மேய்ந்த மாட்டுக்கு ஓக்கரைக் கூட்டுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1655இல் வரைந்த, உரித்துத் தொங்கவிட்ட மாட்டைப் பாருங்கள்: கொழுப்பின் மஞ்சளும் பழுப்பும்தான் படத்தைத் தாங்குகின்றன.

அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பின் ட்யூபில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 என்றிருந்தால் வைத்துவிடுங்கள், மெல்லிசாகப் பூசினால் வெளிச்சத்தில் வெளுக்கும். அதற்குப் பதில் குவினாக்ரிடோன் சிவப்பு, அதாவது பி.வி. 19, வெளுக்காமல் நிற்கும்.

அடிப்பூச்சு டர்பென்டைனில் கரைத்ததாக, மேலே போகப்போக எண்ணெய் கூடியதாக இருக்கட்டும். (மெலிசின் மேல் கொழுப்பு. கறிக்கும் இதே வரிசைதான்!) மாற்றிப் போட்டால் பூச்சில் வெடிப்பு விழும். கத்தியால் அப்பும் தடிப்பை நாலு இடத்தோடு நிறுத்துங்கள். மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகக் கிடந்து சுருங்கும்.

கறி வெட்டும் ஆளை வரையும்போது ஓங்கிய கத்தியை எல்லோரும் போடுகிறார்கள். உழைப்பு தெரிவது அடுத்த கணத்தில்: கத்தி கட்டையில் பதிந்திருக்கும், தோள் இறங்கியிருக்கும், இடது கை விரல்கள் மடங்கி எலும்பைப் பிடித்திருக்கும், பாரம் முன்காலில். கரும்பு வெட்டுபவரும் அப்படித்தான். அடிக்கரும்பில் இனிப்பு அதிகம் என்பதால் தரையோடு வெட்ட வேண்டும், முதுகு அவ்வளவு குனியும். இங்கே பெரும்பாலும் கொளுத்திவிட்டு வெட்டுவதால் முகத்தில் கரி அப்பும். அதற்குக் கறுப்பை எடுக்காதீர்கள். வியர்த்த தோல்மேல் அது நீலச்சாம்பல்.

இன்னொன்று. ஆயில் பெயின்டில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டலுக்குள் அது வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் விட்டு அதில் அமுக்குங்கள். டின் இல்லாத அன்று வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள்.