எஃப்.சி. என்றால் என்ன? தகுதிச் சான்றும் பழைய காரும்

தமிழ்நாடு, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இந்தச் சொல்தான். "2014 மாடல்ங்க, 2029 வரைக்கும் எஃப்.சி. இருக்குதுங்க" என்பார் புரோக்கர். வாங்க வந்தவருக்குப் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். அந்த இடத்தில்தான் உண்மையில் கவலை தொடங்க வேண்டும். ஏனென்றால், அந்த வண்டிக்கு எஃப்.சி. என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட் என்பதன் சுருக்கம் எஃப்.சி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதை 'சர்டிஃபிகேட் ஆஃப் ஃபிட்னெஸ்' என்கிறது. அந்த வரிசைப்படி கேரளத்தில் சி.எஃப். என்பார்கள், அல்லது வெறுமனே டெஸ்ட். பொள்ளாச்சியில் எஃப்.சி., பாலக்காட்டுச் சித்தூரில் சி.எஃப்.; காகிதம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் வண்டி வாங்கி விற்கிறவர்கள் இரண்டையும் கலந்தே பேசுவார்கள்.

56ஆம் பிரிவு பேசுவது பஸ், லாரி, ஆட்டோ, டாக்ஸி போன்ற வாடகை, சரக்கு வண்டிகளைப் பற்றி மட்டும். புது வண்டிக்கு முதலில் 2 வருடம், பிறகு 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடாவருடம் பிரேக், விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாம் பார்த்துச் சான்று தர வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு, அதாவது ஓன் போர்டு வண்டிக்கு, இந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு 41ஆம் பிரிவுப்படி பதிவே 15 வருடம் செல்லும். அது முடிந்ததும் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் அரசு ஆய்வாளர் யாரும் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிறகு ஏன் எல்லாரும் எஃப்.சி. என்கிறார்கள்? ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, விவரத்தை அரசின் எம்பரிவாகன் செயலியில் தேடினால், ஓன் போர்டு காருக்கும் 'ஃபிட்னெஸ்' என்று ஒரு வரி வந்து, எதிரில் அந்தப் பதினைந்து வருட முடிவு நாள் நிற்கும். அந்த வரியைத்தான் புரோக்கர் படித்துக் காட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் கேட்பவர் ஏமாறுகிறார்.

இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று 2014இல் பதிவானது, 2029 வரை. இன்னொன்று 2009இல் பதிவாகி, 2024இல் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் 2029 வரை. தேதி ஒன்றே. ஆனால் அரசு ஆய்வாளர் பார்த்ததற்கான ஆதாரம் அந்தக் கிழட்டு வண்டிக்குத்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தியது. அதற்குப் பிறகும் ஒருவர் அதைக் கட்டி, வண்டியைக் காட்டி, புதுப்பித்து வைத்திருந்தால் அவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன். பதினாலாவது வருடத்தில் அவசரமாக விற்பனைக்கு வரும் வண்டியை அந்த அளவுக்கு நம்ப மாட்டேன்.

இதற்குத் தமிழில் உள்ள சொல் தகுதிச் சான்று. இந்தச் சொல்லாக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தகுதி என்பது 'தகு' என்ற வினையடியிலிருந்து வருவது. பொருந்துதல், ஏற்றதாதல் என்று பொருள். குறளில் நடுவுநிலைமை அதிகாரம் "தகுதி எனவொன்று நன்றே" என்றுதான் தொடங்குகிறது. அங்கே தகுதி என்றால் ஒரு பக்கம் சாயாமை. வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காமல் ஆய்வாளர் தர வேண்டிய காகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அதே அதிகாரத்தில் "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்ற குறளும் வருகிறது. எச்சம் என்றால் விட்டுச் சென்றது. பழைய காரையும் அது விட்டுச் சென்ற தடத்தை வைத்துத்தான் எடைபோட முடியும்.

சான்று, 'சால்' என்ற அடியிலிருந்து வந்தது. நிறைதல், போதுமானதாதல். சான்றோர் என்ற சொல்லும் அங்கிருந்து பிறந்ததுதான். வெறும் தேதியைப் போதுமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் டாக்ஸிக்கும் லாரிக்கும் தகுதிச் சான்று என்போம். சொந்தக் காருக்குப் பதிவு முடிவு நாள் என்போம். புரோக்கர் எஃப்.சி. என்று ஆரம்பித்தால், "தகுதிச் சான்றா, பதிவு முடிவு நாளா? கடைசியா யார் வண்டியைப் பார்த்தாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே எம்.ஓ.டி. என்ற சோதனை 1960இல் வந்தது. இப்போது 3 வயதான கார்களில் பெரும்பாலானவை வருடாவருடம் அதைத் தாண்டியாக வேண்டும். நம்பரைத் தட்டினால் எந்த வருடம் தேறியது, எதில் தோற்றது, அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல் என்பதெல்லாம் இலவசமாக வந்துவிடும். ஆய்வு வரலாறு என்று சொன்னால் அதுதான். நம் ஊர் ஓன் போர்டு காருக்கு அப்படி ஒரு வரலாறு எங்கேயும் எழுதப்படுவதில்லை. நாமே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்.

முதல் துண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வண்டி உள்ளே வந்தது என்ற பட்டியலை உரிமையாளரையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ஓரிடத்தில் குறைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்க வாய்ப்புண்டு. பட்டியல் நடுவில் திடீரென்று நின்று போயிருந்தால், அதற்குப் பிறகு வெளிப் பட்டறையில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்தது இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் என்.சி.பி., அதாவது க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் என்றிருந்தால், ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை, விபத்தும் இல்லை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். என்.சி.பி. ஆளுக்குச் சேர்ந்தது, வண்டிக்கு அல்ல. முந்தைய காரில் சம்பாதித்ததை இந்தக் காருக்கு அவர் கொண்டுவந்திருக்கலாம். பழைய பாலிசிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். புகைச் சான்று சும்மா ஒரு பார்வைக்கு; பி.எஸ்.4 என்ற புகை விதி முதல் உள்ள வண்டிகளுக்கு அது 12 மாதம் செல்லும், அதற்கு முந்தியவற்றுக்கு 6 மாதம்.

டி போர்டிலிருந்து, அதாவது டாக்ஸிப் பதிவிலிருந்து, ஓன் போர்டுக்கு மாற்றிய காரை வேண்டாம் என்று எல்லாரும் தள்ளுவார்கள். அதிகம் ஓடியிருக்கும், உண்மைதான். ஆனால் டாக்ஸியாக இருந்த காலம் முழுக்க அதற்கு மெய்யான தகுதிச் சான்றுகள் இருந்திருக்கும். விற்பவர் அவற்றை எடுத்து வைத்தால் மரியாதையாகப் படித்துப் பாருங்கள்.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வேறு மாநில நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்கி உள்ளூர் நம்பருக்கு மாற்ற வேண்டும். சித்தூரின் கே.எல்.70 பொள்ளாச்சிக்கு வந்து டி.என்.41 ஆகும்போது, பழைய பில்லும் பாலிசியும் பழைய நம்பரிலேயே தங்கிவிடும். புது நம்பரை மட்டும் தேடினால் வண்டி நேற்றுப் பிறந்தது போலத் தெரியும். அதனால் பழைய நம்பரைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் சேஸ் நம்பரை, அதாவது வண்டியின் உடலிலேயே பொறித்த எண்ணை, சொல்லித் தேடச் சொல்லுங்கள். நம்பர் பிளேட் மாறினாலும் அது மாறாது.

சேஸ் நம்பரை நேரிலும் பார்த்துவிட வேண்டும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. எண்ணெயையும் தூசியையும் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தாக ஏறி வரும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட தடமோ வெல்டிங்கோ தெரிந்தாலோ விலையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். தாளில் வந்தது ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் அப்புறம் மெக்கானிக்கை வரச் சொல்லலாம்.