ஷேர் ஆகவில்லையா? ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

வீட்டில் இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கும். ஒன்றில் இருக்கும் ஃபோல்டர் இன்னொன்றில் திறக்காது. இந்தப் புகாருக்காகப் போகும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரலான ஃபயர்வால் அணைந்து கிடக்கும். பாஸ்வேர்டு கேட்காத மாதிரி மாற்றியிருப்பார்கள். சி டிரைவ் முழுவதையும் "எவ்ரிஒன்" என்ற பெயருக்கு முழு உரிமையோடு திறந்து விட்டிருப்பார்கள். இத்தனையும் செய்த பிறகும் ஃபோல்டர் திறந்திருக்காது. தெரிந்த பையன் ஒருவன் செய்தது, வீடியோ பார்த்துச் செய்தது என்று காரணம் மாறும். திறந்தவை திறந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும் என்பது மட்டும் மாறாது.

எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் ஆதார் ஸ்கேன், பத்திரத்தின் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், பிள்ளைகளின் சான்றிதழ், கல்யாண ஆல்பம் எல்லாம் இருக்கின்றன. ஃபோல்டர் திறக்காததற்கு நான் பார்த்த காரணங்களில், ஃபயர்வாலை முழுக்க அணைத்தால்தான் தீரும் என்று ஒன்றுகூட இருந்ததில்லை.

முதலில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். "ஒரே வைஃபைதானே சார்" என்பார்கள். இன்றைக்குப் பல வீடுகளில் ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் வைத்த மோடமே வைஃபை தரும். அது உள் அறைக்கு எட்டவில்லை என்று தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டியிருப்பார்கள். ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப் மோடத்தோடு இருக்கும், அறையில் இருக்கும் லேப்டாப் புது ரவுட்டரோடு இருக்கும். இரண்டிலும் இணையம் நன்றாக வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ட்டில் "ஐபிகான்ஃபிக்" (ipconfig) கட்டளை கொடுத்து, இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் அவற்றை அடையாளம் காட்டும் எண்ணையும், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது என்று அர்த்தம். இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஐபி முகவரியைக் கொடுத்தால் லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்பைத் திறக்க முடியும், டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே முடியாது. உள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் வெளியே போகலாம், வெளியிலிருந்து அதற்கு வழி கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் ரவுட்டர்களை எண்ணிப் பார்ப்பது இதனால்தான். இரண்டாவது ரவுட்டரை அதன் செட்டிங்கில் "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றினால் போதும், இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் வைஃபையையும் பாருங்கள். "கெஸ்ட்" வைஃபையில் இருந்தாலும் பகிர்வு நடக்காது, விருந்தாளிகளின் கருவிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. அப்புறம் ஆபீஸ் லேப்டாப். அதில் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போவது வழக்கம். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் மாற்றாமல், அந்த வேலைக்கு வேறு கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன்.

ஒரே நெட்வொர்க்தான் என்று தெரிந்துவிட்டதா? சரி, அடுத்தது விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை என்னவென்று நினைக்கிறது என்பது. "பப்ளிக்", "பிரைவேட்" என்று இரண்டு வகை உண்டு. ரயில் நிலைய வைஃபைக்கு ஏற்றது பப்ளிக், அதில் விண்டோஸ் தன்னை வெளியே காட்டிக்கொள்ளாது. ரவுட்டரை மாற்றினால் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு விண்டோஸ் பப்ளிக் என்றே வைத்துவிடுவது சாதாரணம். "போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்ற புகாருக்குப் பின்னால் இது அடிக்கடி இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வீட்டு நெட்வொர்க்கை மட்டும் பிரைவேட் என்று மாற்றுங்கள். அங்கேயே பகிர்வு செட்டிங்கில் "நெட்வொர்க் டிஸ்கவரி", "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" இரண்டையும் பிரைவேட் பிரிவின் கீழ் மட்டும் இயக்குங்கள். இயக்கியதும் ஃபயர்வாலில் அதற்குத் தேவையான வழிகள் தாமாகவே திறக்கும், அதுவும் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பவர்கள் இந்த வசதியைத்தான் தூக்கி எறிகிறார்கள். சாவி சேரவில்லை என்பதற்காக நிலையிலிருந்து கதவையே கழற்றி வைத்த மாதிரி அது.

விண்டோஸ் அல்லாத ஆன்ட்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க ஓர் இடம் இருக்கும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ப்ளோரரில் "நெட்வொர்க்" என்பதைத் திறந்தால் மற்ற கம்ப்யூட்டர் தெரியவில்லை, அதனால் பகிர்வு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பட்டியலில் தெரிவது வேறு, திறக்க முடிவது வேறு. பட்டியலைக் காட்டுவதற்குப் பின்னணியில் ஓடும் வேறு சர்வீஸ்கள் இருக்கின்றன, அவை தூங்கினால் பட்டியல் காலியாக இருக்கும். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு (\\) போட்டு, மற்ற கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெயரில் வரவில்லை என்றால் ஐபி முகவரியைத் தட்டுங்கள். திறந்துவிட்டால் பகிர்வு நன்றாகவே இருக்கிறது, அதை ஷார்ட்கட்டாகவோ மேப் செய்த டிரைவாகவோ வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். ஐபியில் வருகிறது, பெயரில் வரவில்லை என்றால், ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடலாம். மற்ற கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளைக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள், பிங்கை ஃபயர்வால் தடுத்திருக்கலாம். விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) கட்டளையால் 445-ஆம் போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலை, சோதிப்பதே சரியான சோதனை. ஃபைல் பகிர்வு நடப்பது அந்தப் போர்ட்டில்தான்.

பட்டியலில் தெரியவில்லை என்ற இந்தச் சின்னக் குறைக்குத்தான் இணையத்தில் மிக மோசமான வைத்தியம் ஒன்று சுற்றுகிறது: "எஸ்எம்பி 1-ஐ இயக்குங்கள்" என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் முறை. அதன் முதல் பதிப்பு மிகப் பழையது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸ் அந்த முதல் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 முழுதாக வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் எடுத்துப் போட்டதை நாம் தேடிப் போய்த் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. பழைய ஸ்கேனரோ, நெட்வொர்க்கில் மாட்டும் பழைய சேமிப்புப் பெட்டியோ அது இல்லாமல் ஓடாது என்றால், அந்தக் கருவிக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பென்டிரைவில் எடுத்துக்கொள்வதே மேல்.

அடுத்து பாஸ்வேர்டு. நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

ஃபோல்டரைத் திறந்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். வீட்டில் எல்லோரும் நாலு இலக்கப் பின் நம்பரைத் தட்டியே பழகியவர்கள், அதையே தட்டுவார்கள். பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமானது, நெட்வொர்க் வழியாக அது செல்லாது. அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். அது மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் பெயரிடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் அதுவும் நடக்காது. வெறும் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கிறது. "வீட்டுக்குள்ளதானே, பாஸ்வேர்டு எதுக்கு" என்று எடுத்துவிட்டவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் கூடுதலாக வருகிறது.

என் யோசனை இதுதான். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் யூசரை, அதாவது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேராமல் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் கணக்கை, உண்டாக்குங்கள். நிர்வாகி உரிமை வேண்டாம். நீளமான பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள். மற்ற கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பெயரில் நுழைந்து, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி டிக் அடித்தால் மறுபடி கேட்காது. யாருடைய மின்னஞ்சல் பாஸ்வேர்டும் வெளியே போகாது. பெயரை எழுதும்போது முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரும் பின்சாய்வுக் கோடும் சேர்த்து எழுதுங்கள்.

சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுத்தால், முன்பு சேமித்த தவறான பாஸ்வேர்டு இன்னும் உட்கார்ந்திருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் "கிரெடென்ஷியல் மேனேஜர்" திறந்து, அந்தக் கம்ப்யூட்டரின் பெயரில் இருக்கும் பதிவை நீக்கிவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

சமீபத்தில் இன்னொரு வகையும் வருகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, புரோ வைத்திருக்கும் பலருக்குப் பழைய சேமிப்புப் பெட்டி திறக்காமல் போனது. பாஸ்வேர்டில்லாத விருந்தாளி நுழைவை அந்தப் பதிப்பு மறுக்கிறது, பரிமாறும் தரவுக்கு டிஜிட்டல் கையொப்பமும் கேட்கிறது. இதற்கும் அந்தத் தடையை நீக்கும் வழிகள்தான் இணையத்தில் முதலில் கிடைக்கும். பெட்டியின் செட்டிங்கில் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள யூசரை உருவாக்கி, விருந்தாளி நுழைவை மூடி, கையொப்ப வசதி இருந்தால் இயக்குங்கள்.

உள்ளே நுழைந்த பிறகும் "அனுமதி இல்லை" என்றால் ஃபோல்டரின் உரிமைகளைப் பாருங்கள். பகிர்வு உரிமை ஒன்று, "செக்யூரிட்டி" டேபில் இருக்கும் உரிமை இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் நடக்கும். ஒன்றில் முழு உரிமை கொடுத்துவிட்டு மற்றதை மறந்தவர்கள் ஏராளம். இரண்டிலும் நீங்கள் உருவாக்கிய யூசரை மட்டும் சேருங்கள். பார்த்தால் மட்டும் போதும் என்றால் "ரீட்" உரிமை போதும். சில ஃபைல் திறந்து சில ஃபைல் திறக்காவிட்டால், அவை அதே டிரைவின் வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவையா என்று பாருங்கள். அப்படி நகர்த்தும்போது பழைய உரிமையோடேயே வந்துவிடுவதுண்டு. காப்பி செய்து ஒட்டினால் புது ஃபோல்டரின் உரிமையை எடுத்துக்கொள்ளும்.

பகிர்வதற்கென்று ஒரே ஒரு ஃபோல்டர் வையுங்கள். முழு டிரைவையும் திறந்து வைத்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் நுழைந்தால், எழுதும் உரிமையுள்ள மற்ற கம்ப்யூட்டரின் ஃபைல்களையும் அது பூட்டிவிடும். அதனால் பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் நகலை பேக்கப் என்று நம்பி இருக்காதீர்கள். வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, அலமாரியில் வையுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் மூடிவிடுவேன். திறந்திருக்கும் அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கச் சல்லடை போடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

முன்பே யாராவது உங்கள் கம்ப்யூட்டரில் கைவைத்திருந்தால் இன்றைக்கே பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் பிரைவேட், பப்ளிக், அலுவலகங்களுக்கான டொமைன் என்ற மூன்று நெட்வொர்க் வகைக்கும் ஃபயர்வால் இயங்க வேண்டும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1-க்கு எதிரே டிக் இருக்கக் கூடாது. கமாண்ட் பிராம்ட்டில் "நெட் ஷேர்" (net share) கட்டளை கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டர் எதையெல்லாம் பகிர்கிறது என்று வரிசையாக வரும். டாலர் குறியில் முடியும் சி, டி போன்ற டிரைவ் எழுத்துகள், அட்மின், ஐபிசி ஆகியவை விண்டோஸ் தானே வைத்துக்கொள்பவை, அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்றவை பெரும்பாலும் யாரோ ஒருவர் திறந்து விட்டவை. உங்களுக்குத் தெரியாத பெயர் அதில் இருந்தால், அந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்துப் பகிர்வை நிறுத்திவிடுங்கள்.