அட்லஸ்: காத்துக்கும் வெந்நீர் ஊத்துக்கும் போடுற படத்தொகுப்புக்கு தமிழ்ல என்ன பேரு?

ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணாரு. கயத்தாறு பக்கம் ரெண்டு ஏக்கர் மானாவாரி காடு இருக்கு, உளுந்து போட்டு பருத்தி போட்டு அலுத்துப்போய் இப்ப தரிசா கெடக்கு. "எலே, நெட்ல விண்ட் அட்லஸ்னு ஒண்ணு இருக்காம்லா, ஒந்தங்கச்சி காமிச்சா, காத்து ஜாஸ்தியா வீசுற எடம் செவப்பாம், நம்ம காடு நல்லா செவப்புல கெடக்கு, அப்போ கம்பெனிக்காரன் காத்தாடி போட வருவாம்லா?" அப்படின்னாரு. கூடவே இன்னொண்ணும் கேட்டாரு, "அட்லஸ்னா நீ பள்ளிக்கூடத்துக்கு கொண்டு போவியே அந்த படப் புஸ்தகம்தான, அதுல எப்பிடிலே காத்து வந்துச்சு?"

முதல் கேள்விக்கு பதில் சொல்லணும்னா ரெண்டாவதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அட்லஸ்னா உலக உருண்டைய தோள்ல தூக்கிட்டு நிக்கிற கிரேக்க ஆளுன்னு எல்லாரும் நெனைக்கிறோம். கதைப்படி அவன் தூக்கினது பூமிய இல்ல, வானத்தை. சுமக்கிறது, தாங்குறதுங்கிற அர்த்தமுள்ள கிரேக்க வேர்ல இருந்துதான் பேரு வந்துச்சுன்னு வழக்கமா சொல்வாங்க, நம்ம கழுத்துல மண்டையோட்டை தாங்குற முதல் எலும்புக்கும் டாக்டர்கள் அட்லஸ்னே பேரு வச்சிருக்காங்க. ஆனா படப் புஸ்தகத்துக்கு பேரு வந்த கதை வேற. மெர்காட்டர்னு மேப் போடுறவர் ஒருத்தர், அவரு 1594ல செத்துப்போனாரு, மறு வருஷம் 1595ல வெளிவந்த அவரோட மேப் தொகுப்புக்குத்தான் அட்லஸ்னு தலைப்பு. அவரு மனசுல வச்சிருந்தது வானத்தை தூக்கினவனையும் இல்லையாம், வட ஆப்பிரிக்காவுல மௌரிடேனியாவை ஆண்ட அட்லஸ்ங்கிற ஒரு படிச்ச ராஜாவை, வானத்தைக் காட்டுற உருண்டைய முதல்ல செஞ்சவன்னு அவனுக்கு ஒரு கதை உண்டு. அதுக்கு முன்னாடியே 1570ல ஆர்டீலியஸ் இதே மாதிரி ஒரு தொகுப்பு போட்டுட்டாரு, நியாயப்படி முதல் அட்லஸ் அதுதான், ஆனா பேரு மட்டும் மெர்காட்டர் வச்சதுதான் நின்னுச்சு.

ஆக அட்லஸ்னா வெறும் மேப் இல்ல, பல மேப்பை ஒரே முறையில போட்டு ஒண்ணா கட்டுனது, இந்த ஊரையும் அந்த ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட முடியணும். இதை பிடிச்சுக்கிட்டா விண்ட் அட்லஸ் லேசா புரிஞ்சிரும். அதுக்கு முன்னாடி வெந்நீர் ஊத்துக்கு போட்ட அட்லஸை பாத்துருவோம்.

இந்திய புவியியல் ஆய்வுத் துறைய 1851ல ஆரம்பிச்சதே முக்கியமா நிலக்கரி தேடத்தான். அதே துறை 1991ல புவிவெப்ப அட்லஸ்னு ஒண்ணு போட்டுச்சு, நாடு முழுக்க ஏறக்குறைய 340 வெந்நீர் ஊத்து அதுல இருக்கு. லடாக்ல பூகா பள்ளத்தாக்கு, 4,400 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மிங்கிறதால தண்ணி 85 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். இமாச்சல்ல மணிகரண், அங்க குருத்வாரால அரிசிய மூட்டை கட்டி ஊத்துக்குள்ள எறக்கி வேக வைக்கிறாங்க. ஆனா அட்லஸ்ல புள்ளி இருந்தா அங்க ஊத்து இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். அடியில எவ்ளோ ஆழத்துல எவ்ளோ சூடு, டர்பைன ஓட்டுற அளவுக்கு தண்ணி வந்துட்டே இருக்குமாங்கிறது துளை போட்டாத்தான் தெரியும். 10,600 மெகாவாட் எடுக்கலாம்னு ஒரு மதிப்பீடு பல வருஷமா சுத்திட்டு இருக்கு, நெசத்துல வணிக ரீதியா ஓடுற புவிவெப்ப மின் நிலையம் ஒண்ணு இன்னும் இங்க இல்ல.

காத்துக்கு அட்லஸ் போடுற வித்தைய பெருசா வளத்தது டென்மார்க்ல இருக்கிற ரீசோங்கிற ஆய்வகம், ஐரோப்பிய காற்று அட்லஸ் 1989ல வந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அந்த கணக்கு போடுற முறை. ஒரு ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா அளந்த காத்தை எடுத்து, அந்த இடத்து மேடு, மரம், கட்டடமெல்லாம் அதுல பண்ணி வச்ச வேலைய கழிச்சிட்டு, மிச்சம் நிக்கிற பொதுக் காத்தை மட்டும் வேற இடத்துக்கு தூக்கிட்டு போய், அங்க இருக்கிற மேடு பள்ளத்தை திரும்ப கூட்டி, இங்க இவ்ளோ வீசும்னு சொல்றது. இந்தியாவுக்கு இதே டென்மார்க் ஆய்வகத்தோட சேர்ந்து 2010ல அட்லஸ் போட்டது பள்ளிக்கரணைல இருக்கிற காற்றாலை தொழில்நுட்ப மையம், இப்போ தேசிய காற்று ஆற்றல் நிறுவனம்.

அப்போ 50 மீட்டர் உயரத்துக்கு நாடு மொத்தத்துக்கும் வந்த கணக்கு 49,130 மெகாவாட். அப்புறம் 100 மீட்டருக்கு 302 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட்னா ஆயிரம் மெகாவாட்), 120 மீட்டருக்கு 695, 150 மீட்டருக்கு 1,164ன்னு ஏறிட்டே போச்சு. காத்து ஒண்ணும் கூடல. மேல போகப்போக வேகம் கூடும், காத்துல இருக்கிற சக்தி வேகத்தோட மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்துக்கும் 7 மீட்டர் வேகத்துக்கும் வித்தியாசம் ஒண்ணுதானேன்னு தோணும் ஆனா சக்தி கிட்டத்தட்ட 59 சதவீதம் கூடிரும். எவ்ளோ நிலம் கிடைக்கும்னு வச்ச ஊகமும் மாறுச்சு. அதே மும்மடி கணக்குத்தான் ஆளை கவுக்கவும் செய்யும், அட்லஸ் வேகத்தை 10 சதவீதம் கூட காட்டிட்டா சக்திய 33 சதவீதம் கூட காட்டிருக்கும். அதனாலதான் எந்த கம்பெனியும் அட்லஸை பாத்து நேரா காத்தாடி நடுறதில்ல, கம்பம் நட்டு கொறைஞ்சது ஒரு வருஷமாவது அளப்பாங்க.

சரி, தமிழுக்கு வருவோம். நிலப்படத் தொகுப்பு, நிலவரைத் தொகுப்புன்னு ரெண்டும் புழக்கத்துல இருக்கு. ஈழத்துல மேப்புக்கு தேசப்படம்னு சொல்ற வழக்கம் உண்டு, அதுவும் அழகுதான் ஆனா காத்துக்கு ஏது தேசம். நிலவரைங்கிற சொல்லு எனக்கு இன்னொரு காரணத்துக்காக பிடிக்கும், வரைன்னா கோடு, எல்லை, மலையும் கூட, வரையாடுங்கிறோம்ல. அட்லஸையும் கடைசில மலையா மாத்திட்டதா ஒரு கதை இருக்கு, மொராக்கோ பக்கம் அந்த பேர்ல மலைத்தொடரே நிக்குது. யாரும் திட்டம் போட்டு பண்ணல, தானா வந்து பொருந்தியிருக்கு.

ஆனா விண்ட் அட்லஸ்ல நிலம் முக்கியம் இல்ல, அதனால என் ஓட்டு காற்றுவளப் படத்தொகுப்பு, அதே மாதிரி புவிவெப்பப் படத்தொகுப்பு. வரைபடத் தொகுப்புன்னு போட்டா கணக்கு கிராஃப்னு நெனச்சிருவாங்க. ஒரு நேரம் அடங்கல்னே வச்சிரலாமான்னு கூட யோசிச்சேன், வி.ஏ.ஓ கிட்ட இருக்கிற கணக்கு, எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர்னு மொத்தமும் அதுல இருக்கும், காற்று அடங்கல்னா சொல்லவே நல்லா இருக்கு. ஆனா தப்பாயிரும். அடங்கல் புலம் புலமா சொல்லும், அட்லஸ் வட்டாரத்தைத்தான் சொல்லும்.

சித்தப்பாவும் அங்கதான் சறுக்கினாரு, அட்லஸை அடங்கலா படிச்சிட்டாரு. உலக காற்று அட்லஸ்ல ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 ஏக்கர், அவரு காடு மாதிரி ஏழு காடு அந்த ஒரு செவப்பு கட்டத்துக்குள்ள அடங்கிரும், மொத்தத்துக்கும் சேத்து ஒரே ஒரு நம்பர். அதுக்கப்புறம் சப்ஸ்டேஷன் எவ்ளோ தூரம், பக்கத்து காத்தாடியில பட்டு வேகம் கொறைஞ்ச காத்து இங்க வருமா, வீடு எவ்ளோ கிட்ட, 60 மீட்டர் நீள எறக்கைய ஏத்தின வண்டி ஊர் முக்கு புளிய மரத்துகிட்ட திரும்புமா, இதெல்லாம் இருக்கு. இந்த வேலைக்கு மைக்ரோசைட்டிங்னு பேரு, நுண்ணிடத் தேர்வுன்னு சொல்லலாம்.

இன்னொரு சொல்லையும் சேத்து சொல்லிடுறேன், ஏன்னா செய்தில அடிக்கடி குழப்புறது இதுதான். தமிழ்நாட்டுக்கு 150 மீட்டர்ல 95 ஆயிரம் மெகாவாட் "திறன்"னு எழுதுறாங்க, அதே பத்தில நிறுவப்பட்ட "திறன்" 10 ஆயிரத்துக்கு மேலன்னும் எழுதுறாங்க. படிக்கிறவன் மிச்ச காத்தாடியெல்லாம் ஓடாம நிக்குது போலன்னு நெனச்சுக்குவான். அட்லஸ் சொல்றத வாய்ப்பளவுன்னு எழுதுங்க, நட்டு நிக்கிறத நிறுவுதிறன்னு எழுதுங்க. சித்தப்பா கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், உங்க காட்டுல இருக்கிறது வாய்ப்பு மட்டும்னு. "அப்போ இந்த வருசமும் உளுந்துதானா"ன்னு கேட்டுட்டு போனை வச்சிட்டாரு.