கழிவுநீரில் தேடுவது 'எதிர்ப்பு சக்தி'யை அல்ல

ஆங்கிலத்தின் 'wastewater antimicrobial resistance surveillance' தமிழில் 'கழிவுநீரில் நுண்ணுயிர் எதிர்ப்பு சக்தி கண்காணிப்பு' என்று இன்னொரு முறை கண்ணில் பட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. எதிர்ப்பு சக்தி என்றதும் படிக்கிறவருக்கு நினைவுக்கு வருவது உடம்பின் நோய் எதிர்ப்பு சக்திதான். அது கூடினால் நல்லதுதானே, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

சொல்ல வந்ததோ நேர்மாறான சங்கதி. ஆண்டிபயாடிக் கொடுத்தும் பெருகிக்கொண்டே போகும் பாக்டீரியா ஓர் ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சாக்கடை நீரை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆள் ஆளாகப் பரிசோதிக்க வேண்டாம், எல்லார் குடலிலிருந்தும் வருவது ஒரே குழாயில்தான் கலக்கிறது. செஃபோடாக்சிம் என்ற ஆண்டிபயாடிக் கலந்த வளர்ப்புத் தட்டில், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வளர்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. நீரிலுள்ள டிஎன்ஏவை வாசித்து பாக்டீரியாவை மருந்திலிருந்து தப்பவைக்கும் மரபணுக்களைத் தேடுவது இன்னொன்று. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 60 நாடுகளில் 79 இடங்களின் கழிவுநீரை இரண்டாவது வழியில் அலசியது.

'கண்காணிப்பு' மீது எனக்குப் புகார் இல்லை. சோழர் கல்வெட்டிலேயே 'மாஹேஸ்வரக் கண்காணி' உண்டு, அப்புறம் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான். 'surveillance' என்ற ஆங்கிலச் சொல்லின் பிரெஞ்சு வேரும் 'மேலிருந்து விழித்திருத்தல்' என்றுதான் சொல்கிறது. சரி, பொருந்துகிறது. சிலர் 'வேவு' என்கிறார்கள், அது தனி ஆளின் பின்னால் போவது. இங்கே யார் வீட்டு நீர் என்பதே தெரியாது.

சிக்கல் 'எதிர்ப்பு'தான். 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்றால் நுண்ணுயிர் எதிர்க்கிறதா, நுண்ணுயிரை எதிர்க்கிறதா? இலக்கண உரைகளில் வரும் 'புலிகொல் யானை' மாதிரி, எது எதைக் கொன்றது என்று தெரியாமல் நிற்கிறது. போதாக்குறைக்கு மருந்துக்குப் பெயர் 'நுண்ணுயிர் எதிர்ப்பி', அது பலிக்காத நிலைக்குப் பெயர் 'நுண்ணுயிர் எதிர்ப்பு', வித்தியாசம் கடைசியில் ஒரே ஓர் எழுத்து. இதைத் திருத்துகிறேன் என்று 'தடுப்பாற்றல்' போடுகிறவர்கள் இன்னும் மோசம், சுத்தத் தமிழில் அதே குழப்பம். 'தாங்குதிறன்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நுண்ணுயிரியலில் அது வேறு நிலைக்கு வேண்டும்: மருந்து இருக்கும்வரை பெருகாமல் சாகாமல் கொஞ்ச காலம் பிழைத்துக் கிடப்பது. நாம் தேடுவதோ மருந்துக்கு நடுவிலேயே பெருகுவது.

'காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை', 'மருந்துக்கு அடங்கவில்லை' என்று பேச்சில் எப்போதும் சொல்கிறோம். யார் யாருக்கு அடங்கவில்லை என்ற சந்தேகமே அதில் வராது. அதனால் மருந்துக்கு அடங்காமை, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, அதற்கான கழிவுநீர்க் கண்காணிப்பு என்றே எழுதலாம். நீளம்தான், இருக்கட்டும். கலைச்சொல் என்றால் ஒட்டவைத்த ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

அந்தச் சுருக்க ஆசையில் 'கழிவுநீரில் ஆண்டிபயாடிக் கண்காணிப்பு' என்றும் வெட்டிவிடுகிறார்கள். அது நீரில் மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பது. வேறு சோதனை, வேறு கருவி, வேறு கேள்வி.