திரையில் கோடு விழுந்தால் கிராஃபிக்ஸ் கார்டைச் சுடாதீர்கள்

சென்னை கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் டிசைன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணி. பேனர் பாதி முடிந்திருக்கும்போது திரை முழுக்கப் பச்சைச் சதுரங்கள் சிதறுகின்றன. அணைத்துப் போட்டால் டிஸ்பிளே வரவில்லை. வந்து பார்க்கும் சர்வீஸ் பையன் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "சிப்பு லூஸ் ஆயிடுச்சுண்ணே. ஹீட்டு குடுத்தா ஒட்டிக்கும்." சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னை எடுத்து, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் சிப்பு மேல் நாலு நிமிடம் காட்டுகிறார். டிஸ்பிளே வந்துவிடுகிறது. காசும் கைமாறிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து அதே பச்சைச் சதுரம்.

சூடு காட்டினால் ஏன் உயிர் வருகிறது, ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு கார்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிப்பின் மேல் பூசிய, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தால் கண்ணாடி போல் பளபளக்கும் சதுரம் தெரியும், அது சிலிக்கான். அதன் அடியில் 0.1 மில்லிமீட்டர் அளவில் நுண்ணிய பற்றவைப்புப் பொட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை சிலிக்கானை ஒரு சிறு பச்சைப் பலகையோடு இணைக்கின்றன. அந்தப் பலகைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் அளவில் பெரிய உருண்டைகள். அவை கார்டோடு இணைக்கின்றன. ஆக இரண்டு அடுக்கு பற்றவைப்பு. ரீபாலிங் என்று சொல்வது கீழடுக்கு உருண்டைகளை மாற்றும் வேலை மட்டுமே. மேலடுக்குப் பொட்டுகள் பிசினால் மூடப்பட்டவை, அவற்றைக் கடையில் யாரும் தொட முடியாது.

ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். அடியில் உள்ள பலகை ஏறக்குறைய 15 பங்கு விரியும். 15 மில்லிமீட்டர் சதுரச் சிப்பு 50 டிகிரி சூடானால் மூலையில் இரண்டுக்கும் வரும் வித்தியாசம் சுமார் 6 மைக்ரான், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. சொற்பம்தான். ஆனால் தினமும் காலையில் போட்டு இரவில் அணைக்கும் மெஷினில் இந்த இழுபறி வருடக்கணக்கில் நடக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல, கடைசியில் ஏதோ ஒரு பொட்டில் விரிசல் விழும்.

இப்போது விற்கும் கார்டுகளில் உருண்டைகள் ஈயமில்லாக் கலவை: வெள்ளீயம் 96.5 சதவீதம், வெள்ளி 3, செம்பு 0.5. இது உருக 217 டிகிரி வேண்டும். பழைய ஈயக் கலவைக்கு 183 போதும். கார்டை அடுப்பில் 200 டிகிரியில் வைத்து எடுத்தவர்கள் எதையும் உருக்கவில்லை. சூட்டில் எல்லாம் விரிந்து, விரிசலின் இரு முகங்களும் மறுபடி தொட்டுக்கொண்டன, அவ்வளவே. மெஷின் நாலு முறை சூடாகி ஆறினால் மறுபடி பிரியும். இது கட்டுக்கதையல்ல: 2008 ஜூலையில் கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா, தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் உறைப்பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பழுது மேலடுக்கில் இருந்ததால் அந்தச் சிப்புகளுக்கு ரீபாலிங்கும் உதவவில்லை.

சூடு காட்டுவதில் இன்னொரு ஆபத்து நம் ஊருக்கே உரியது. சிப்பின் பிளாஸ்டிக் உறை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீரென 250 டிகிரி காட்டினால் அந்த ஈரம் ஆவியாகி, சோளப்பொரி வெடிப்பது போல உறையை உள்ளுக்குள் பிளந்துவிடும். முறையாக வேலை செய்பவர் போர்டை 125 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்தி, பிறகே கன்னை எடுப்பார். ஆகவே சூட்டுக்கு உயிர் வந்தால் அதை நோயறிதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியமென்று காசு கொடுக்காதீர்கள்.

சிப்பைச் சந்தேகிக்கும் முன் கார்டுக்கு வெளியே பார்த்துவிட வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சொந்த போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். இன்டெல் பிராசசர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அந்த போர்ட் வேலை செய்யாது, ஏமாற வேண்டாம். கார்டைக் கழற்றி வேறொரு மெஷினில் போட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி. கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை தரும். ஆறு பின் கேபிள் இன்னொரு 75, எட்டு பின் 150. ஜிடிஎக்ஸ் 1650 ஸ்லாட்டிலேயே பிழைத்துக்கொள்ளும் கார்டு. ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட் வேண்டும். விலை மலிவான பெட்டிகளில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 17 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 17 = 204 வாட், அவ்வளவுதான் சரக்கு. பிராசசருக்குப் போக கார்டுக்கு என்ன மிஞ்சும்? கேம் ஓடும்போது, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்து அளக்கலாம். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றவாளி எஸ்எம்பிஎஸ். ஹார்டு டிஸ்க் கேபிளை ஆறு பின்னாக மாற்றும் அடாப்டர் இருந்தால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் கழற்றி எறியுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் கார்டுகளுக்கு இன்னொரு எதிரி உண்டு: உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் தூசியோடு ஒட்டிப் போர்டில் படியும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்புக் கிண்ணம் மழைநாளில் கசிவதைப் பார்க்காத வீடு ஏது? சென்னையில் பல காலைப்பொழுதுகள் அந்த 75-ஐத் தாண்டிவிடுகின்றன. அப்போது போர்டின் மேல் உப்புநீர்ப் படலம் உருவாகி, கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் கால்களுக்கு இடையே மின்சாரம் கசியும். காலையில் டிஸ்பிளே வராமல், பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகும் மெஷின்களின் மர்மம் பல நேரம் இதுதான். எண்ணூர், மணலிப் பக்கம் இதோடு மெல்லிய சாம்பலும் சேர்ந்துகொள்ளும். அது ஃபேன் பேரிங் எண்ணெயில் கலந்து அரைத்தெடுத்துவிடும்.

உப்பு ஊதினால் போகாது. ஃபேனையும், சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கையும் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்க வேண்டும். அரைமணி நேரமாவது ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும் ஃபேன் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஸ்லாட்டில் செருகும் தங்கக் கால்களை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் தங்கம் ஒரு மைக்ரான்கூட இல்லை. ஒருமுறை தேய்த்தால் போகட்டும், வாராவாரம் தேய்த்தால் அடியில் உள்ள நிக்கல் எட்டிப் பார்க்கும்.

பேஸ்ட் மாற்றுவது எல்லோரும் செய்யக்கூடிய வேலை, எல்லோரும் தப்பாகச் செய்கிற வேலையும்கூட. காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் 0.026; நல்ல பேஸ்ட் 4 முதல் 12; செம்பு 400. பேஸ்ட்டின் வேலை காற்றை வெளியேற்றுவது மட்டுமே. காய்ந்த பேஸ்ட் வெடித்து நடுவில் காற்று புகும்போதுதான் சூடு ஏறுகிறது. கழற்றும் முன் கார்டை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு நாலு ஸ்பிரிங் ஸ்குருவை எடுத்து, ஹீட்சிங்கை மெதுவாகத் திருகிப் பிரியுங்கள். நேராக இழுத்தால் ஃபேன் கனெக்டர் பிய்ந்துவரும். மாட்டும்போது ஸ்குருக்களை குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றும் அரைச்சுற்றாக முறுக்க வேண்டும்.

கோட்டைவிடும் இடம் தெர்மல் பேட். மெமரி சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் அந்த மெத்தைகள் 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று கார்டுக்குக் கார்டு, இடத்துக்கு இடம் மாறும். 1 இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங் மேலே தூக்கிக்கொண்டு நடுச்சிப்பைத் தொடாது. "பேஸ்ட் மாத்தினதுக்கப்புறம்தான் சூடு ஜாஸ்தி" என்ற புகாருக்கு இதுவே காரணம். பழைய பேடின் அழுந்தாத ஓரத்தை வெர்னியரால் அளந்து வாங்குங்கள். முடித்ததும் மானிட்டரிங் மென்பொருளில் சிப்பின் பொதுவான கோர் வெப்பத்தையும், அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 15 டிகிரிக்குள் இருந்தால் நல்ல வேலை. 30 தாண்டினால் திரும்பக் கழற்றுங்கள்.

ஃபேனும் சுற்றாமல், மெஷினும் ஆன் ஆகாமல் இருந்தால் மல்டிமீட்டரை எடுக்கும் நேரம். கார்டை வெளியே எடுத்து ஓம் அளவில் வையுங்கள். எட்டு பின் கனெக்டரின் 12 வோல்ட் காலுக்கும் தரைக்கும் இடையே கிலோ ஓம் கணக்கில் வரவேண்டும். ஓரிரு ஓம் என்றால் ஷார்ட். சிப்பின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகள் காயில்கள். அவற்றின் சிப் பக்கக் காலில் 1 ஓமுக்கும் கீழே காட்டினால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் 'சிப்பு ஷார்ட்' என்று அலறுவார்கள். பெரிய சிப்புகளில் அது இயல்பு. மல்டிமீட்டர் பீப் அடிப்பதை நம்பாமல் எண்ணைப் படிக்க வேண்டும். கடைசியாக 12 வோல்ட்டுக்கும் அந்தக் காயிலுக்கும் நடுவே அளங்கள். அங்கே பூஜ்யம் என்றால், 12 வோல்ட்டைத் திறந்து மூடும் சுவிட்சான மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, 1 வோல்ட்டில் வாழும் சிப்புக்குள் 12 வோல்ட் பாய்ந்திருக்கிறது. அந்தக் கார்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

12 வோல்ட் வரிசையில் மட்டும் ஷார்ட் என்றால் நம்பிக்கை உண்டு. 1 வோல்ட்டை மட்டுப்படுத்திய கரன்ட்டில் செலுத்தி, மேலே ஆல்கஹால் தெளித்தால் பழுதான கெபாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ சூடாகி, அதன் மேல் முதலில் காயும். சில கடைகளில் ஊதிய ஃபியூஸை ஒயர்த்துண்டால் இணைத்து அனுப்புகிறார்கள். ஃபியூஸ் சும்மா போகாது. பின்னால் ஷார்ட் இருக்கும்போது ஒயர் வைத்தால் போர்டே கருகும்.

மறுபடி அந்தப் பச்சைச் சதுரங்களுக்கு வருவோம். 8 ஜிபி ஆர்எக்ஸ் 580-இல் 1 ஜிபி மெமரி சிப்பு எட்டு இருக்கும், ஒவ்வொன்றும் 32 பிட், மொத்தம் 256. படத்தைக் கார்டு ஒரே சிப்பில் வைப்பதில்லை. துண்டு துண்டாக எட்டுக்கும் பங்கு போட்டு வைக்கும். எட்டில் ஒன்று கெட்டால் திரையில் சீரான இடைவெளியில் ஒரே மாதிரிப் பிழை வரும். அதனால்தான் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மெம்டெஸ்ட் வல்கன் என்ற இலவச மென்பொருள் இந்தப் பிழைகளை எண்ணிக் காட்டும். கெட்ட சிப்பை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அதே கம்பெனி, அதே கொள்ளளவு வேண்டும். கார்டின் பயோஸ், அதாவது உள்ளே பதிந்த மென்பொருள், எந்தெந்தக் கம்பெனி மெமரிக்கு எழுதப்பட்டதோ அவற்றையே ஏற்கும்.

பழைய கார்டு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியபோது, அதுவரை அந்த நாணயத்துக்கான கணக்கு வேலையில் (மைனிங்) இரவும் பகலும் ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின. டோல்கேட்டில் மெட்ரோ ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், கார்டை விற்பவர் கண்முன் இருபது நிமிடமாவது, கார்டை முழு பாரத்தில் ஓட்டும் ஃபர்மார்க் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பைச் சுற்றிப் பழுப்புப் பிசுக்கு, வளைந்த போர்டு, ஓரத்தில் பற்றவைக்கப் பூசும் ஃபிளக்ஸின் வாடை இருந்தால் யாரோ ஏற்கெனவே சுட்டிருக்கிறார்கள். புதிது வாங்கினாலும் கேபினட்டுக்குள் உள்ள இடத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் (லேன்) நாலை மட்டுமே பயன்படுத்தும். பழைய மதர்போர்டில் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் வேகம் கண்கூடாகக் குறையும்.

கார்டு தேறாது என்று முடிவானால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நல்ல மெமரி ஏழு, ஃபேன் இரண்டு, ஹீட்சிங் ஒன்று இன்னும் இருக்கின்றன. அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துத் தெரு மெஷினுக்கு ஒருநாள் அந்த ஏழில் ஒன்று தேவைப்படும்.