ரீபூட்: மறுதொடக்கமா, மறுவாக்கமா, வெறும் நடிகர் மாற்றமா?

சூப்பர்ஹீரோ வேடத்துக்குப் புது நடிகர் வந்துவிட்டால் உடனே அதை ‘ரீபூட்’ என்று எழுதும் பழக்கம் திரைச் செய்திகளில் பரவிவிட்டது. நடிகர் மாறுவது வேறு, ரீபூட் வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் எந்தப் படம் எந்தப் படத்தின் தொடர்ச்சி என்பதே குழம்பிப்போகும்.

இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ படத்தில் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனராக நடித்தவர் எட்வர்ட் நார்ட்டன். 2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் அதே வேடத்துக்கு மார்க் ரஃபலோ வந்தார். முகம், குரல், உடல்வாகு எல்லாம் வேறு. ஆனால், தான் கடைசியாக நியூயார்க் வந்தபோது அங்குள்ள ஹார்லெம் பகுதியை உடைத்துவிட்டதாக ரஃபலோவின் பேனர் சொல்கிறார். அது 2008 படத்தில் நடந்தது. பழையது அவருக்கு நினைவிருக்கிறது, கதை அறுபடவில்லை. ஆகவே இது நடிகர் மாற்றம் மட்டுமே.

2006இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘கேசினோ ராயல்’ இதற்கு நேர்மாறு. அதில் பாண்டின் மேலதிகாரி ‘எம்’ ஆக வரும் ஜூடி டென்ச், 1995 முதல் பியர்ஸ் பிராஸ்னன் படங்களிலும் அதே வேடத்தில் இருந்தவர். முகம் அதேதான். ஆனால் டேனியல் கிரெய்க்கின் பாண்ட் அப்போதுதான் கொல்லும் உரிமம் பெறுகிறார். முந்தைய படங்களில் நடந்த எதுவும் இங்கே நடந்திருக்கவில்லை. இதுதான் ரீபூட்.

ஆக, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முந்தைய படத்தில் நடந்தது இந்தப் படத்தின் ஆட்களுக்கு நடந்ததாகக் கணக்கா, இல்லையா?

நினைவை வைத்துக் கேட்பதற்குக் காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ‘பூட்’ என்பது நாம் பூட்ஸ் என்று சொல்லும் உயரமான காலணி. அதைக் காலில் இழுத்து மாட்டிக்கொள்ள மேல்விளிம்பில் ஒரு வார் தைத்திருப்பார்கள்; அதற்குப் ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்குவது என்ற ஆங்கில வழக்கு, முடியாத செயலைக் குறிக்கப் பிறந்தது. 1950களில் கணினிக்காரர்களுக்கு அதே சிக்கல் வந்தது. கணினிக்குள் ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். முதல் நிரலை ஏற்றுவது எது? மிகச் சிறிய நிரல் ஒன்றை முதலில் உள்ளே விட்டு, அது பெரிய நிரலை இழுத்துவர வைத்தார்கள். அதற்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயரிட்டார்கள். அது குறுகிப் ‘பூட்’ ஆனது. திரும்பச் செய்தால் ‘ரீபூட்’. தமிழ் எழுத்தில் பார்க்கும்போது பூட்டு, பூட்டுதல் நினைவுக்கு வரலாம். அவற்றுக்கும் இதற்கும் உறவில்லை.

ரீபூட் செய்த கணினியில் என்ன அழிகிறது, என்ன தங்குகிறது? தற்காலிக நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது முழுக்க அழிகிறது. வட்டில் (டிஸ்க்) சேமித்தது அப்படியே இருக்கிறது. கதைக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. நடந்த சம்பவங்கள், உறவுகள், சாவுகள் அழிகின்றன. பெயர், ஆற்றல், ஆளின் அடிப்படைக் குணம், அவனை வீரனாக்கிய காயம் ஆகியவை தங்குகின்றன. வட்டையும் அழித்துவிட்டால் அது ரீபூட் இல்லை, வேறு கதை.

இந்த வேலையைத் திரைப்படத்துக்கு முன்பே காமிக்ஸ் செய்துவிட்டது. டிசி நிறுவனம் 1985-86இல் 12 இதழ்கள் கொண்ட ஒரு தொடரில் தன் பழைய உலகங்களையெல்லாம் ஒன்றாக்கி முடித்தது. 1986இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த 6 இதழ்த் தொடர் சூப்பர்மேனின் கதையை முதலிலிருந்து சொன்னது. திரையில் இதைப் பரவலாக்கியது 2005இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் படம். 1997இல் முடிந்துபோன வரிசைக்கும் அதற்கும் எந்தச் சம்பவத் தொடர்பும் இல்லை.

சொல்லைப் பொருத்திப் பார்க்க மிகத் தெளிவான படம் 2012இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’. சாம் ரெய்மி இயக்கிய மூன்று படங்கள் 2002, 2004, 2007இல் வந்தன. நான்காவது படம் கைவிடப்பட்டதாக 2010 ஜனவரியில் சோனி அறிவித்து, மார்க் வெப்பை இயக்குநராகக் கொண்டு முதலிலிருந்து தொடங்கியது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படம் வராவிட்டால் பாத்திரத்தின் திரை உரிமை அதைப் படைத்த மார்வெல் நிறுவனத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் நீண்ட இடைவெளிக்கு வழியில்லை. ஐந்தே ஆண்டில் மறுபடியும் அதே பையன் பீட்டர் பார்க்கர், அதே சிலந்தி, அதே கடி. இந்தப் படத்தின் பலமும் பலவீனமும் இங்கிருந்து தொடங்குகின்றன.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தாக வேண்டும். ‘காஸ்டிங்’ என்பதைச் சிலர் ‘பாத்திரத் தேர்வு’ என்று எழுதுகிறார்கள். அது பிழை. காஸ்டிங் என்பது நடிகர் தேர்வு. பாத்திரத் தேர்வு என்பது எந்தெந்தப் பாத்திரம் கதையில் இருக்கவேண்டும் என்ற முடிவு. மறுதொடக்கப் படத்தில் இரண்டும் நடக்கின்றன, பாத்திரத் தேர்வுதான் முதலில் நடக்கிறது.

2002 படத்தின் காதலி மேரி ஜேன். நடித்தவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். 2012 படத்தில் மேரி ஜேனே இல்லை, க்வென் ஸ்டேசி இருக்கிறாள். இது பாத்திரத் தேர்வு. அந்த க்வெனுக்கு எம்மா ஸ்டோனை எடுத்தது நடிகர் தேர்வு. க்வென் முன்பும் வந்திருக்கிறாள். 2007 படத்தில் சிறு பாத்திரமாக, பிரைஸ் டல்லஸ் ஹவர்டின் நடிப்பில். காமிக்ஸில் 1965இல் அறிமுகமாகி 1973இல் இறந்துபோகும் க்வெனுக்கு, பீட்டரின் வாழ்க்கையில் உள்ள இடம் மிகப் பெரியது. 2012 படம் அந்த இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

டாக்டர் கர்ட் கானர்ஸும் அப்படித்தான். ரெய்மியின் இரண்டாம், மூன்றாம் படங்களில் டிலன் பேக்கர் நடித்த பேராசிரியர் அவர். பல்லி மனிதனாக மாறவே இல்லை. 2012இல் ரீஸ் இஃபான்ஸ் நடித்த கானர்ஸ் மாறுகிறார். தொடர்ச்சிப் படமாக இருந்திருந்தால், பீட்டருக்கு முன்பே தெரிந்த ஆசிரியர் என்ற சுமையோடு அந்த மாற்றத்தை எழுதியிருக்க வேண்டும். நினைவகம் அழிந்ததால் அந்தச் சுமை இல்லை.

மூன்றாவது சொல் சித்திரிப்பு. ‘சித்தரிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். சித்திரத்திலிருந்து பிறந்ததால் ‘சித்திரிப்பு’ என்பதே வேரோடு ஒட்டியது. ஒரே பாத்திரத்துக்கு வெவ்வேறு சித்திரிப்பு அமையும், அதில் நடிகருக்குப் பாதி, எழுத்துக்குப் பாதி. டோபி மக்வயரின் பீட்டர் கூச்சம் மிகுந்தவன். வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரக்கிறது. ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டர் ஸ்கேட்போர்டோடு திரிபவன், வாய்த்துடுக்கு உள்ளவன். வலை பாய்ச்சும் கருவியைத் தானே செய்து கையில் கட்டிக்கொள்கிறான். கருவி என்பது 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த மூலத்தில் உள்ளது. வலை உடலிலிருந்து வந்தால் அது சிலந்தி கொடுத்த வரம், கருவியிலிருந்து வந்தால் அது பையனின் அறிவு. இந்த ஒரு மாற்றம் பீட்டரை விஞ்ஞானியாகக் காட்டும் காட்சிகளுக்கு இடம் கொடுத்தது. அவனுக்கு இணையாக ஆய்வகத்தில் பயிலும் க்வென், பல்லி மனிதனுக்கான மாற்றுமருந்தைத் தயாரிக்கிறாள். மேரி ஜேனுக்கு இரண்டாம் படத்தின் முடிவில்தான் தெரியவந்த ரகசியம், க்வெனுக்கு முதல் படத்தின் நடுவிலேயே தெரிந்துவிடுகிறது. கார்ஃபீல்டும் ஸ்டோனும் சேர்ந்து வரும் காட்சிகளே அந்தப் படத்தின் உயிர்.

சறுக்கிய இடம் எது? வட்டில் உள்ளதை மறுபடி திரையில் ஓட்டிக்காட்டியதுதான். 2002இல் பீட்டர் தப்பவிட்ட திருடனால் பென் மாமா சாகிறார். 2012இலும் அப்படியே. இம்முறை கடையில் சில்லறை குறைந்த கோபத்தில் அவன் திருடனைத் தடுக்காமல் விடுகிறான் என்பது மட்டும் வேறு. பென் மாமாவாக மார்ட்டின் ஷீன் அருமையாக நடித்தும், பார்ப்பவருக்கு முடிவு தெரிந்த சாவு அது. 2002 படத்தை அரங்கில் பார்த்த அதே ஆட்கள்தான் இங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். கதையின் நினைவை அழிக்கலாம், பார்வையாளரின் நினைவை அழிக்க முடியாது.

அடுத்த சறுக்கல் வயது. மக்வயர் தேர்வானபோது அவருக்கு 25. கார்ஃபீல்டுக்கு 26. பள்ளி மாணவனுக்கு 26 வயது நடிகரை எடுத்தால், இரண்டாம் படத்துக்குள் அவனைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பியாக வேண்டும். 2014 படம் பட்டமளிப்பு விழாவிலிருந்து நகர்வது அதனால்தான். 2015 ஜூனில் அடுத்த ஸ்பைடர்மேனாக டாம் ஹாலண்ட் தேர்வானபோது அவருக்கு 19. பல படங்களுக்கு இழுக்கக்கூடிய வயது. மார்வெல் படங்களில் ஏற்கெனவே நடித்துவந்த ராபர்ட் டவுனி ஜூனியர், கிறிஸ் எவன்ஸ் ஆகியோரோடு தனித்தனியே நடிக்கவைத்துப் பார்த்த பிறகே அவரை முடிவுசெய்தார்கள். முகமூடி போட்டால் முகம் மறைந்துவிடும் வேடம் இது. உடல் பேசவேண்டும், குரல் பேசவேண்டும். நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பயின்ற ஹாலண்டுக்கு அது கைகொடுத்தது.

பையனின் வயது இறங்கினால் சுற்றியிருப்பவர்களின் வயதும் இறங்கும். மே அத்தையாக 2002இல் வந்த ரோஸ்மேரி ஹாரிஸுக்கு 74 வயது, 2012இல் சாலி ஃபீல்டுக்கு 65, 2016இல் மரிசா டோமேக்கு 51. நடிகர் தேர்வு ஒரு முகத்தைத் தேடும் வேலை அன்று. ஒருவரை வைத்து மற்றவரை அளக்கும் வேலை. ஹாலண்டின் படங்கள் சிலந்தி கடித்ததையும் மாமா செத்ததையும் காட்டவே இல்லை. வட்டில் இருப்பதை எல்லோரும் அறிவார்கள் என்று நம்பி விட்டுவிட்டார்கள். 2012இலிருந்து கற்ற பாடம் அது.

ஹாலண்டின் ஸ்பைடர்மேன் பாத்திரத்துக்கு ரீபூட்; அவன் நுழைந்த மார்வெல் திரை உலகத்துக்கோ 2008 முதல் ஓடிவரும் தொடர்ச்சி. அப்புறம் 2021 டிசம்பரில் வந்த படம் மக்வயரையும் கார்ஃபீல்டையும் வேறு அண்டங்களிலிருந்து வரவழைத்து ஹாலண்டோடு நிறுத்தியது. 2014 படத்தில் விழுந்து இறந்த க்வெனைப் பிடிக்கமுடியாமல் போன கார்ஃபீல்டின் பீட்டர், விழுகிற வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டுக் கலங்கும் காட்சி அந்த நடிகருக்குப் பிந்திக் கிடைத்த நியாயம். அழிந்ததாக நினைத்த நினைவகங்கள் பல்லண்டம் (மல்டிவெர்ஸ்) என்ற பெயரில் பக்கத்து அறைகளில் பத்திரமாக இருந்தன என்று கதை இப்போது சொல்கிறது. அதனால் 2012 படம் ரீபூட் இல்லை என்றாகிவிடாது. அதன் ஆட்களுக்கு 2002இல் நடந்தது நடக்கவே இல்லை.

இனி தமிழ்ச் சொல். கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்கும் ‘மறுதொடக்கம்’ திரைக்கும் பொருந்துகிறது. ‘மீள்தொடக்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. இலங்கைத் தமிழில் மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று ‘மீள்’ இயல்பாக வரும். ஆனால் மீள்வது என்றால் இருந்த இடத்துக்குத் திரும்புவது. ரீபூட் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, பழைய தொடக்கத்தை ரத்துசெய்து வேறொரு தொடக்கத்தை வைக்கிறது. ‘மீட்டுருவாக்கம்’ சிதைந்ததைச் செப்பனிடுவது, முற்றிலும் பொருந்தாது. ‘மறுவாக்கம்’ ரீமேக்குக்கு உரியது: 1980 பில்லாவின் கதையையே 2007இல் அஜித் நடிப்பில் எடுத்தது மறுவாக்கம். ‘மறுவெளியீடு’ பழைய படத்தையே திரும்பத் திரையிடுவது. கமல்ஹாசனின் 1986 விக்ரமும் 2022 விக்ரமும் ஒரே ஆளின் கதை. நினைவு தொடர்வதால் அது தொடர்ச்சி.

நடிகர் மாற்றத்துக்குத் தனிச் சொல் தேட வேண்டியதில்லை. கூத்தில் அர்ச்சுனன் வேடத்தை இன்று வேறொருவர் கட்டினால், வேடம் கட்டுபவர் மாறினார் என்கிறோம். அர்ச்சுனன் அதே அர்ச்சுனன்தான்.

எழுதும்போது ‘மறுத்தொடக்கம்’ என்று ஒற்று போடக்கூடாது. மறுபதிப்பு, மறுபிறவி, மறுதேர்வு போல இங்கும் ஒற்று மிகாது. போட்டால் மறுத்தல் என்ற வினைபோல ஒலிக்கும். படத்தைக் குறிக்க ‘மறுதொடக்கப் படம்’ என்று எழுதலாம். வினையாக வரும் இடத்தில் ‘மறுதொடக்கம் செய்தார்கள்’ என்பது கணினிக்குச் சரி. கதைக்கு ‘முதலிலிருந்து தொடங்கினார்கள்’ என்பதே நல்ல தமிழ்.