பருந்துக் குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த ஏப்ரலில் நான்காவது முறையாக, ஊற்றிய தண்ணீராலேயே இறந்துபோன ஒரு பருந்துக் குஞ்சின் நுரையீரலைத் திறந்து பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பெங்களூரின் அலசூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் ஆட்டோ பிடித்து, மடியில் வைத்து அதைக் கொண்டு வந்தார்கள். இறகுகள் முழுதாக முளைத்திருந்தன. எலும்பு முறிவோ மாஞ்சா நூல் அறுத்த காயமோ இல்லை. ஆனால் மூக்குத் துளைகளில் நுரை கட்டியிருந்தது. "வாயைத் தெறந்து தெறந்து மூடிச்சு டாக்டரம்மா, தாகத்துல தவிச்சிது. சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினோம்" என்றார் பெரியவர். கொஞ்சம் என்று அவர் சொன்னது 20 மில்லி. ஒரு மணி நேரத்துக்குள் குஞ்சு அடங்கிவிட்டது. அவரிடம் காரணத்தை முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் விடுவது நம் வீடுகளின் வழக்கம். துவண்டு கிடக்கும் எதைக் கண்டாலும் வாயில் ஏதாவது ஊற்றியாக வேண்டும் என்று கை பரபரப்பது அந்தப் பழக்கத்தால்தானோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. ஆனால் அலகைத் திறந்து வைத்திருக்கும் பறவை தண்ணீர் கேட்கவில்லை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. சாதாரணமாகவே 40 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் அவற்றின் உடல்வெப்பம் இன்னும் ஏறும்போது, மூச்சுப் பாதையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அவை உடம்பைக் குளிர்விக்க முடியும். அதற்காகத்தான் அலகு திறக்கிறது, தொண்டை படபடக்கிறது. குளிர்ந்த ஊர் என்று பெயரெடுத்த பெங்களூரிலேயே 2016 ஏப்ரலில் 39.2 பாகை பதிவானது என்றால், மரத்திலிருந்து தார்ச்சாலையில் விழுந்த குஞ்சின் நிலையை எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, சுற்றி நிற்கும் பத்துப் பேரின் முகங்களைக் கண்ட அச்சத்திலும் அது அப்படியே மூச்சு வாங்கும்.

இனி வாய்க்குள் இருப்பதைப் பார்ப்போம். கோழியைத் தலையோடு வாங்கிச் சமைக்கும் வீடுகளில் ஒருமுறை அதன் அலகைத் திறந்து பாருங்கள். நாக்கு தொடங்கும் அடிப்பகுதிக்குப் பின்னால், வாயின் தரையிலேயே, ஒரு சிறு பிளவு தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். கால்நடை மருத்துவப் படிப்பின் முதலாண்டிலேயே இதைப் பார்த்துவிடுவோம். நமக்கு இருப்பதுபோல் அதற்குக் குரல்வளை மூடி இல்லை. பறவை தானாக விழுங்கும்போது அந்தப் பிளவை இறுக்கி மூடிக்கொள்ளும். சோர்ந்து கிடப்பதோ மூச்சிரைக்கும் நிலையில் இருப்பதோ மூடாது. நீங்கள் நாக்கின் மேல் விடும் தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலையும் அதற்கு அப்பால் உள்ள காற்றுப்பைகளையும் அடைகிறது. நம்மைப் போல இருமித் தள்ளுவதற்கு அதற்கு உதரவிதானமும் இல்லை. "சொட்டுச் சொட்டாகத்தான் விட்டோம்" என்பவர்களுக்கும் இதுதான் பதில்: சொட்டு போகும் இடமும் அதுவே.

கூட்டில் இருக்கும் பருந்துக் குஞ்சுக்கு அதன் தாய் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டுவதில்லை. அதற்கு வேண்டிய ஈரம் இரையின் சதையிலேயே கிடைத்துவிடுகிறது. வயிற்று இறகுகளில் நீரை நனைத்துச் சுமந்துவந்து குஞ்சுகளுக்குத் தரும் கல்கௌதாரி போன்ற பறவைகள் உண்டுதான். அங்கும் குஞ்சுகள்தாம் இறகிலிருந்து உறிஞ்சுகின்றன, யாரும் அவற்றின் வாயில் ஊற்றுவதில்லை.

தண்ணீருக்கு அடுத்தது பால்சோறு. மழைக்காலத்துக்கு முன் சாலையோர மரங்களில் கிளை கழிக்கும்போது, பட்டுப்போன கிளைகள்தாம் முதலில் போகும். குக்குறுவான் என்ற பறவை பொந்து குடைவதும் அந்தக் கிளைகளில்தான். அப்படி விழுந்த குஞ்சுகள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் அலகெல்லாம் காய்ந்த பாலோடு வருகின்றன. ஆலம்பழத்தையும் அத்திப்பழத்தையும் தின்று விதை பரப்பும் பறவை அது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதன் இனம் பார்க்கும் அதே வேலையை மல்லேசுவரத்துத் தெருக்களிலும் பார்க்கிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்குக் கிடையாது. கழிச்சல் கண்டு, உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரையும் இழந்து அது சாகும். அணில் குஞ்சு பாலூட்டியின் குட்டிதான் என்றாலும் பசும்பால் அதற்கும் ஒத்துக்கொள்வதில்லை.

மனிதர் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்ற கதையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூடு கைக்கு எட்டினால் குஞ்சைத் திரும்ப வைத்துவிடலாம். இறகு நிறைந்து தத்தித் தாவும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. நாய் எட்டாத மதில்மேல் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். நீங்கள் அருகில் நிற்கும்வரை தாய் இறங்கி வராது.

உண்மையாகவே அடிபட்டிருந்தால் ஒரு துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள். பருந்தின் அலகைவிட நகங்களே ஆபத்தானவை. காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, நிழலில், சந்தடி இல்லாத இடத்தில் வையுங்கள். இருட்டு அதை அமைதிப்படுத்தும். பாதி மருத்துவம் அதுதான். இறகு முளைக்காத குஞ்சுக்கு மட்டும் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் காட்டுயிர் மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். வீட்டிலேயே வைத்து வளர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பெட்டியின் மேல், குஞ்சு எங்கே கிடைத்தது என்று எழுதி அனுப்புங்கள். தேறியபின் அதே இடத்தில்தான் விட வேண்டும். அதன் பெற்றோர் அங்கேதான் இருக்கும். தெருவின் பெயரும் மரத்தின் அடையாளமும் வேண்டும். போன வாரம் வந்த ஒரு பெட்டியில் "பெங்களூரு" என்று மட்டும் எழுதியிருந்தது.